செங்கல் புத்தகத்தின் கடைசி ஃபாரம்

ஓசூர் சிப்காட்டில் இருக்கும் அந்த அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் யாரும் எந்தப் புத்தகத்தையும் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெயரெல்லாம் இங்கிலீஷில் முழ நீளத்துக்கு இருக்கும். அதைப் படித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். அதனால் படத்தைப் பார்த்து ஆளாளுக்கு ஒரு பெயர் வைப்பார்கள், அதில் எது ஒட்டுகிறதோ அது ஒட்டிக்கொள்ளும். பெங்களூர் பதிப்பகம் ஒன்று பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பழைய நாகரிகங்களைப் பற்றிப் பளபளவென்று படப் புத்தகங்கள் போட்டுக்கொண்டிருந்தது. எகிப்து இங்கே பூனை புக். மெசபடோமியா தாடி புக். சீனா குதிரை புக். கோபுரம் கோபுரமாகக் கட்டிவிட்டுப் போன ராஜாக்களுக்குப் பைண்டிங் பிரிவில் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். நாலாவதாக இந்த வருஷம் சிந்துவெளி வந்தது. அட்டையில் செங்கல் தெரு இருந்ததால் அது செங்கல் புக் ஆனது.

பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சடித்து மடித்தால் ஒரு ஃபாரம். இந்த வரிசையில் எட்டு ஃபாரம் சேர்ந்தால் ஒரு புத்தகம். சேர்க்கிற மெஷினில் எட்டுப் பெட்டிகள் இருக்கும். பெட்டிக்கு ஒரு ஃபாரமாக அடுக்கி வைத்தால், ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றை இழுத்து வரிசையாகச் சேர்த்துக்கொண்டு போகும். ஒவ்வொரு ஃபாரத்தின் மடிப்பிலும் ஒரு சின்னக் கறுப்புக் கோடு, ஒன்றைவிட ஒன்று சற்றுக் கீழே தள்ளி இருக்கும். எட்டும் சரியாகச் சேர்ந்தால் புத்தகத்தின் முதுகில் படிக்கட்டு இறங்குவது தெரியும். ஒரு படி தப்பினாலும் வரிசை தப்பு.

அந்தப் படிக்கட்டைப் பார்ப்பதுதான் ஜெயமணியின் வேலை. முதல் செட் அவள் மேசைக்கு வரும். முதுகைப் பார்ப்பாள், பக்க எண்களைப் புரட்டிப் பார்ப்பாள், சீட்டில் கையெழுத்துப் போடுவாள். அதற்குப் பிறகுதான் மெஷின் ஓடும், தையலுக்குப் போகும். பத்தொன்பது வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறாள் என்று பெயர். அவள் கையெழுத்துப் போட்டுத் திரும்பி வந்த புத்தகம் ஒன்றுகூட இல்லை.

குதிரை புக்குக்கும் செங்கல் புக்குக்கும் நடுவில் அவள் கணவர் செல்வம் இறந்துபோனார். எட்டு மாதம் ஆகிறது. காலை ஐந்தரைக்கு ஜூஜுவாடியில் முதல் ஷிப்ட் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். கம்பெனி வாசலில் எல்லோரும் இறங்கினார்கள், அவர் இறங்கவில்லை. தூக்கம் என்று நினைத்து டிரைவர் தோளைத் தட்டியிருக்கிறார். மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். அவர் மடியில் இருந்த டிபன் பாக்ஸ் எலுமிச்சைச் சாதத்தோடு அப்படியே வீட்டுக்கு வந்தது. ஜெயமணி அதைக் கொட்டி, கழுவி, கவிழ்த்து வைத்தாள்.

சாத்தூர்ப் பக்கம் அவர் ஊருக்கு வண்டி வைத்துக் கொண்டுபோனார்கள். தெருமுனை வரை எல்லோரும் கூடவே போனார்கள். அதற்கு மேல் பெண்கள் போகக் கூடாது. நாத்தனார்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவளை நிறுத்தினார்கள். நிறுத்தின இடத்தில் நின்றாள். கண்மாய்க் கரையில் கொட்டுச் சத்தம் திரும்பியது, அதற்குப் பிறகு ஆண்களின் முதுகு மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. கடைசியாகப் பார்த்தது அவ்வளவுதான்.

அவள் அழவில்லை. அழக்கூடாது என்று வைராக்கியம் ஒன்றும் இல்லை, வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பதினெட்டாம் நாள் வேலைக்கு வந்துவிட்டாள். சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டால் தெரிவதில்லை. பஸ்ஸில் ஆள் இடித்தால் தெரிவதில்லை. கோயம்புத்தூரில் நர்ஸிங் படிக்கும் மகள் லாவண்யா போனில் அழுவாள், இவள் "சாப்பிட்டியா?" என்று கேட்பாள். கல்லு மாதிரி இருக்கிறாளே என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அழாத விதவையைப் பார்த்தால் ஊருக்கு எப்போதும் ஓர் எரிச்சல், ஏதோ இவர்களுக்கு வரவேண்டியதை அவள் மறைத்து வைத்திருக்கிற மாதிரி. அந்தப் பேச்சு காதில் விழுந்தபோதும் ஜெயமணிக்கு ஒன்றும் ஆகவில்லை.

செங்கல் புக் திங்கட்கிழமை காலை பெட்டிக்கு ஏறியது. ஏற்றினவள் யுவஸ்ரீ. உத்தனப்பள்ளிக்காரி, இருபத்திரண்டு வயது, கை வேகம் அதிகம். ஃபாரத்தின் கீழே எறும்பு சைஸில் எண் இருக்கும். அதை யார் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பது? எல்லோரும் முதல் பக்கப் படத்தைப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். பூனை, தாடி, குதிரை மூன்றிலும் ஐந்தாவது பெட்டி என்றால் குழி. மண்ணைத் தோண்டுகிறவர்கள் எலும்பைக் கண்டுபிடிப்பார்கள், ஆறாவது ஃபாரத்திலிருந்து அந்த எலும்புக்காரன் எப்படி வாழ்ந்தான் என்று கதை போகும். மூன்று புத்தகத்தில் அவள் கை அதைப் படித்து வைத்திருந்தது. நாலாவதில் பதிப்பகத்தார் ரீதியை மாற்றிவிட்டார்கள். செங்கல் சூளையில் வேலை செய்கிற ஒருவன் பிறந்தது முதல் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போய், எட்டாவது ஃபாரத்தில்தான் குழி. யுவஸ்ரீ படத்தைப் பார்த்தாள். குழியை ஐந்தாவது பெட்டியில் வைத்தாள், மிச்ச மூன்றையும் ஒவ்வொரு பெட்டி தள்ளி வைத்தாள்.

முதல் செட் ஜெயமணி மேசைக்கு வந்தது.

முதுகைப் பார்த்தாள். நாலு படி ஒழுங்காக இறங்கி, ஐந்தாவது படி எங்கோ அடியில் கிடந்தது. அதற்குப் பிறகு மூன்று படி மறுபடியும் மேலே. வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆனவள்கூடக் கண்டுபிடிக்கிற தப்பு. அவளுக்கும் தெரிந்தது. அந்த இடத்தை விரித்தாள். அறுபத்து நாலாம் பக்கத்துக்கு அடுத்தது நூற்றுப் பதிமூன்று.

பக்கம் முழுக்கக் குழிதான் இருந்தது. முந்தின மூன்று புத்தகத்தில் குழிக்குள் எலும்பு கிடந்தது. இதில் ஆள் கிடந்தார். கொஞ்சம் நீள முகம், நெற்றியில் வழுக்கை ஏற ஆரம்பித்திருந்தது. மல்லாந்து படுத்திருந்தார், தலைமாட்டில் பானைகள். அவர் மனைவி குழியின் ஓரத்தில் குனிந்து ஒரு கிண்ணத்தை உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள். ஜெயமணி புரட்டினாள். மண் தள்ளுகிறார்கள். வீடு திரும்புகிறார்கள். கடைசியில் அருஞ்சொற்கள் பட்டியல். இன்னும் ஒரு பக்கம் புரட்டினாள். அறுபத்தைந்து.

விடிகாலை. செங்கல் தெரு. அதே ஆள் கையில் சோற்று மூட்டையோடு வாசல்படி இறங்கிக்கொண்டிருந்தார். மனைவி நிலைப்படியில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜெயமணி ஒரு பக்கம் பின்னால் போனாள், மறுபடி முன்னால் வந்தாள். குழியில் கிடந்தவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இது தப்பான வரிசை என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் இதில் சரிசெய்வதற்கு ஏதும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

"அக்கா, ஓகேவாக்கா? ஓட்டிரட்டா?" என்று மெஷின் பக்கமிருந்து யுவஸ்ரீ கத்தினாள்.

"ம்" என்றாள் ஜெயமணி. சீட்டில் கையெழுத்துப் போட்டாள்.

மத்தியானத்துக்குள் இரண்டாயிரத்து எண்ணூறு செட் சேர்ந்துவிட்டது. புதன்கிழமைக்குள் எல்லாம் தைத்து முடிந்தது.

வியாழக்கிழமை பதிப்பகத்து அம்மாள் பெங்களூரிலிருந்து மாதிரிப் பிரதி பார்க்க வந்தார். அவருக்காக நாலு பிரதிக்கு மட்டும் அட்டை ஏற்றியிருந்தார்கள். மிச்சமெல்லாம் தையலோடு பலகை மேல் அட்டைக்குக் காத்திருந்தன. அந்த அம்மாள் ஒன்றை எடுத்து நடுவில் விரித்தார். அவர் போன பிறகு மேனேஜர் ராஜசேகர் அந்தப் பிரதியைக் கையில் பிடித்துக்கொண்டு பைண்டிங் பிரிவுக்கு வந்த வேகத்தைப் பார்த்தே எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டார்கள்.

"யாரு லோடு பண்ணது?"

யுவஸ்ரீ பேயறைந்த மாதிரி நின்றாள். "நான்தாங் சார்."

"நம்பர பாத்தியா?"

"படத்த பாத்தன் சார். எப்பவும் அஞ்சாவது குழிதான..."

"படம் பாத்து லோடு பண்றதுக்கு இது என்ன சினிமா தியேட்டரா?" என்று கத்தின ராஜசேகர், ஜெயமணி பக்கம் திரும்பினதும் குரலைத் தணித்துக்கொண்டார். செல்வம் இறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றவர் அவர். "அக்கா, நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. உங்க நிலமையில கண்ணு தவறிப் போச்சு. யாருக்கும் நடக்கறதுதான். நான் பாத்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொள்வது எப்படி என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. லோடு பண்ணினவள் எண்ணைப் பார்க்கவில்லை, பிழை அவளுடையது, செக்கர் கவனிக்கத் தவறிவிட்டார் என்று அறிக்கை. யுவஸ்ரீக்கு மெமோ. அடுத்த மாதம் நிரந்தரம் ஆகப்போகிறவர்கள் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. மெமோ வாங்கினவர்களுக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடையாது, கான்ட்ராக்ட் முடிந்ததும் கேட்டைத் தாண்டிப் போக வேண்டியதுதான்.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் யுவஸ்ரீ டப்பாவைத் திறக்கவே இல்லை. எதிரில் ஜெயமணி தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் தையல் பிரிவு கெம்பம்மா.

"மறுபடி ரோஸ் ஷெட்டுக்குத்தான் போவணும்" என்றாள் யுவஸ்ரீ. பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து மூன்று வருஷம் ஊர்ப் பக்கத்து ரோஜாக் கொட்டகையில் வேலை பார்த்தவள் அவள். பிளாஸ்டிக் கூரைக்குள் மருந்தடித்த வாடையிலேயே நாள் பூராவும் நிற்க வேண்டும். ஒரு நாள் மூச்சு முட்டி விழுந்து, தேன்கனிக்கோட்டை ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்திருக்கிறாள். "எங்கம்மா கிட்ட இன்னாத்த சொல்றதுன்னே தெரியில."

"ஷெட்டுக்கு மட்டும் போவாத தாயி" என்றாள் கெம்பம்மா. பிறகு ஜெயமணி பக்கம் சாய்ந்து, "உன் பேரு அதுல இல்ல ஜெயா. நீ எதுக்கு மூஞ்சிய அப்படி வெச்சிருக்க? ஹோகலி பிடு" என்று விட்டுத்தள்ளச் சொன்னாள்.

ஜெயமணி மூஞ்சியை எப்படியும் வைத்திருக்கவில்லை. எட்டு மாதமாக அது அப்படித்தான் இருக்கிறது. கேட்டதெல்லாம் பக்கத்து வீட்டு டிவிச் சத்தம் மாதிரி அவள் காதுக்கு வெளியிலேயே நின்றது. பாவம், இந்தப் பெண்ணுக்கு வேலை போகப்போகிறது என்று தெரிந்தது. தெரிந்ததற்கு மேல் ஒன்றும் இல்லை. அவள் அடுத்த வாய் சோற்றைப் பிசைந்தாள்.

"உங்கமேல தப்பே இல்லக்கா" என்றாள் யுவஸ்ரீ. கண்ணைத் துடைத்துக்கொண்டு, டப்பாவைத் திறந்து, அதிலிருந்த ஒரே முட்டையை எடுத்து ஜெயமணி தட்டில் வைத்தாள். "எனக்கு எறங்காதுக்கா, நீங்க சாப்புடுங்க. உங்க மனசு இருக்கற நிலமையில நீங்க எப்படி பாப்பீங்க? நான்தான் நம்பர பாத்திருக்கணும்."

பிசைந்த கை நின்றுவிட்டது. பொய் சொல்லி ஏமாற்றுகிற துணிச்சல் ஜெயமணிக்கு வாழ்நாளில் இருந்ததில்லை. இப்போது அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. மற்றவர்களே சேர்ந்து அவளுக்காக ஒன்றைச் சொல்லி, மேலே முட்டையும் வைத்துக் கொடுக்கிறார்கள். அந்த முட்டையைத் தின்ன முடியாது என்று தோன்றியது. இத்தனை மாதத்தில் ஒன்றைச் செய்ய முடியாது என்று அவளுக்குத் தோன்றியது அதுதான் முதல் தடவை. கையைக் கழுவிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

ராஜசேகர் அறிக்கை தட்டிக்கொண்டிருந்தார். "வாங்கக்கா. நீங்க கவனிக்கலன்னுதான் எழுதறேன், பயப்படாதீங்க."

"கவனிச்சேன் சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அஞ்சாவது படி அடியில கெடந்துச்சு. அறுபத்தி நாலுக்குப் பிறகு நூத்திப் பதிமூணு. ரெண்டையும் பாத்தேன். பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பிள்ளை தப்பா ஏத்துனத நான் பிடிச்சுட்டேன் சார். பிடிச்சதுக்குப் பிறகு விட்டது நான்."

"ஏங்க்கா? எதுக்கு?"

மேசை மேல் கிடந்த பிரதியை எடுத்து ஜெயமணி அந்த இடத்தை விரித்தாள். "இந்தா, இங்க குழியில கெடக்காரு." பட்டியலைத் தாண்டிப் புரட்டினாள். "இங்க சோத்து மூட்டையோட வேலைக்குக் கிளம்புதாரு." "பாத்தேன். அப்படியே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

ராஜசேகர் தானும் ஒரு தடவை பின்னால் புரட்டி, மறுபடி முன்னால் புரட்டிப் பார்த்தார்.

"இத நான் எப்படிக்கா ரிப்போர்ட்ல எழுதறது?"

"தெரிஞ்சே விட்டாள்னு எழுதுங்க. பிள்ளை பேரு வேண்டாம்."

"வேலையே போனாலும் போயிரும்க்கா. தெரியுதா?"

"தெரியுது சார்."

வேலை போகவில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு அந்த மரியாதையாவது இருந்தது. செக்கர் மேசையும் கையெழுத்துச் சீட்டும் கையை விட்டுப் போயின. கோபி என்கிற பையன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான், அவளைப் பார்க்கும்போதெல்லாம் சங்கடப்பட்டுப் பாதி எழுந்தான். யுவஸ்ரீக்கு மெமோ இல்லை, இனி எண்ணைப் பார் என்ற வாய்ச்சொல்லோடு விட்டார்கள். பட்டியலில் பெயர் அப்படியே நின்றது. அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷப்படவும் தெரியவில்லை, ஜெயமணி முகத்தைப் பார்க்கவும் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை, இரண்டாயிரத்து எண்ணூறு பிரதியையும் பிரித்துச் சேர்க்கிற வேலையை ஜெயமணியிடம் கொடுத்தார்கள். மெஷினில் வேறு வேலை ஓடியது. அதனால் எல்லாம் கையால்தான். கெம்பம்மாவும் இன்னும் இரண்டு பேரும் பிளேடால் தையல் நூலை அறுத்து ஃபாரங்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். நீள மேசையில் எட்டுக் குவியல். ஜெயமணி ஓரமாக நடந்துகொண்டே ஒன்று, இரண்டு, மூன்று என்று எடுத்துச் சேர்க்க வேண்டும். சோற்று மூட்டையோடு கிளம்புகிற ஃபாரம் ஐந்து. சூளையும் மகள் கல்யாணமும் மழைக்காலமும் கடந்து, குழி எட்டு.

முதல் பிரதியைச் சேர்த்தாள். எட்டாவதை அடியில் வைத்து, தட்டிச் சமன் செய்து, முதுகைப் பார்த்தாள். படிக்கட்டு ஒழுங்காக இறங்கியது. இரண்டாவது பிரதி. மூன்றாவது. கை தானாக வேலை செய்தது.

நாற்பதோ ஐம்பதோ போயிருக்கும். எட்டாவது குவியலுக்கு வரும்போதெல்லாம் அந்த மனைவி குனிந்து கிண்ணத்தை வைத்துக்கொண்டிருந்தாள். ஜெயமணி இதுவரை குழியில் கிடந்தவரைத்தான் பார்த்திருந்தாள். இப்போது அவளைப் பார்த்தாள். குழியின் ஓரத்திலேயே நிற்கிறாள், மண் அவள் காலில் ஒட்டியிருக்கிறது, கை அவர் தலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவளை யாரும் தெருமுனையில் பிடித்து நிறுத்தவில்லை. கடைசி வரை கூடப் போயிருக்கிறாள், தன் கையால் வைத்துவிட்டு, கண்ணால் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறாள்.

நெஞ்சில் வலித்தது. மாரடைப்போ என்று ஒரு கணம் பயந்தாள். இல்லை, வெறும் வலிதான். கண்மாய்க் கரையில் திரும்பின கொட்டுச் சத்தம் எட்டு மாதம் கழித்து இப்போதுதான் அவள் காதுக்குள் வந்தது. பளபளப்புத் தாளின் மேல் ஒரு சொட்டு விழுந்தது.

"ஏய், ஜெயா! தாள் நனையுது, தாள் நனையுது!" என்று கெம்பம்மா பதறினாள். பிறகுதான் அது என்ன ஈரம் என்று புரிந்து, பிளேடைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

யுவஸ்ரீ மெஷினை விட்டு ஓடி வந்தாள். ஜெயமணியின் கையிலிருந்த ஃபாரங்களைப் பார்த்தாள், எட்டாவது குவியலைப் பார்த்தாள். விஷயம் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. பைண்டிங் பிரிவில் ரகசியம் ஒரு நாள்கூடத் தங்காது.

"அக்கா, நீங்க ஏழு வரைக்கும் எடுத்துக் குடுங்க" என்றாள். "எட்டாவத நான் வெக்கறன். நீங்க அந்தப் பக்கமே பாக்க வேணாம்."

"வேண்டாம்டி."

"பரவால்லக்கா, நான் வெக்கறன்."

"அது நான்தான் வைக்கணும்" என்றாள் ஜெயமணி. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், கையையும் ஈரம் போகத் துடைத்தாள். நனைந்த ஃபாரத்தைத் தனியாக ஒதுக்கிவிட்டு எட்டாவது குவியலிலிருந்து வேறொன்றை எடுத்தாள். ஒரு கணம் பார்த்தாள். பிறகு அதைக் கடைசியில் வைத்து, நாலு பக்கமும் தட்டிச் சமன் செய்து, அடுத்த பிரதிக்காக ஒன்றாவது குவியலுக்கு நடந்தாள்.